அக்காவுக்கு ஆள் வைத்தது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. புதுக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஆவூர். அக்கா வீட்டுக் குளியலறையில் கொத்தனார் வேலை இன்றோடு முடிந்தது. சுவரில் இரண்டு கைப்பிடி. முதலில் அவர் தன் உயரத்துக்கு அடித்துவிட்டார். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தபடியே இடது கையை நீட்டிக் காட்டினாள். "இங்க. இதுக்கு மேல ஒரு விரக்கடைகூட வேணாம்." பிடுங்கி, மறுபடி துளை, மறுபடி சிமென்ட். கொத்தனார் முணுமுணுத்தார்: "நாலாப்புல டீச்சர் கணக்க அழிச்சுட்டுத் திரும்பப் போடச் சொன்ன மாதிரியே இருக்கு."

வாங்க வேண்டியவை:
– படுக்கையில் விரிக்க ரப்பர் ஷீட்
– குளியலறை வாசலுக்கு வழுக்காத மிதியடி
– அகலப் பிடி வைத்த கரண்டி (இடது கைக்கு)
– பிரஷர் மாத்திரை. அட்டையில் இன்னும் இருக்கிறது, அடுத்த வாரம் போதும்
– எனக்குச் செருப்பு. வார் அறுந்துவிட்டது

மதியம் சிங்கப்பூரிலிருந்து போனில் அமல், எங்கள் கடைசித் தம்பி. "அண்ணே, திருச்சியில ஒரு முதியோர் இல்லத்துல ரூம் காலியா இருக்கு. நர்ஸ், டாக்டர் எல்லாம் உள்ளயே. பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்." இருபத்தோராம் தேதி வருகிறான். வீட்டில் வைத்துப் பார்ப்பது சரிப்பட்டு வருகிறது என்று தன் கண்ணால் கண்டால் விட்டுவிடுவான். இல்லையென்றால் அக்காவைக் கையோடு அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஜனவரியில் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது அக்கா வீட்டில் தனியாக. பக்கத்து வீட்டு அடைக்கலமேரி கறிவேப்பிலை பறிக்க வந்ததால் பிழைத்தாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, கல்யாணமே செய்துகொள்ளாமல் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள். அமல் பயப்படுகிறான். நானும்தான்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். பேச்சு இப்போது மெதுவாக வருகிறது, ஆனால் முழுசாக வருகிறது. "நான் எங்கிட்டும் போகல. இங்கதான் இருப்பேன்."

மார்ச் 5, வியாழன்

ஆள் தேடும் படலம். என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், அவள் வந்து தங்க முடியாது. எனக்கும் பத்திரிகையில் தேர்தல் வேலை. ராத்திரித் துணைக்கு அடைக்கலமேரி ஒத்துக்கொண்டாள். பகலுக்குத்தான் ஆள் வேண்டும்.

இரண்டு பேர் வந்தார்கள். நான் கேட்க வேண்டியதை யோசித்து வைத்திருந்தேன். முன் அனுபவம், வீட்டு நிலைமை, எத்தனை மணி வரை இருக்க முடியும், இப்படி. அக்கா கையமர்த்திவிட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"என்னையத் தூக்குவியா?"

முதலாமவள் திடமான பெண். "பூ மாதிரி தூக்கிருவேன் டீச்சர். கவலையே படாதீங்க."

இரண்டாமவள் வள்ளிக்கண்ணு. பக்கத்துக் கிராமம், டவுன் பஸ்ஸில் வர வேண்டும். படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசி வரை பார்த்தவளாம். அதே கேள்வி காதில் விழுந்ததும் அக்காவின் காலைப் பார்த்தாள். "எதுக்குத் தூக்கணும்? நீங்க எந்திரிங்க. விழப் போனாப் பிடிச்சுக்கறேன்."

"திங்கக்கெழமையிலேருந்து வந்துரு" என்றாள் அக்கா.

எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. பஸ்ஸில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மார்ச் 10, செவ்வாய்

அமல் மறுபடி போன். ஹாலில் கேமரா மாட்டச் சொல்கிறான். சிங்கப்பூரிலிருந்தே பார்க்கலாமாம். போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன்.

"நான் சேலை மாத்துறத அவன் ஆபீஸ்ல உக்காந்து பாப்பானாமா?"

"ஹால்லதான் அக்கா..." என்றான் அமல்.

"ஹால்லதான் மாத்துறேன். உள் ரூம்ல நாற்காலி திரும்பாது."

நான் போனை வாங்கி, கேமரா எதற்கு, நான் இருக்கிறேன், முறைப்படி விசாரித்துக்கொள்கிறேன் என்றேன். ஒருத்தர் சொன்னதை வைத்து எழுதாதே, இன்னொரு வாயிலும் கேட்டுக்கொள் என்பது நான் பத்திரிகையில் சேர்ந்த முதல் வாரமே ஆசிரியர் மண்டையில் ஏற்றியது. இங்கேயும் அதேதான். சாயந்தரம் வள்ளிக்கண்ணுவுக்குப் போன்: குளித்தாளா, சாப்பிட்டாளா, மாத்திரை, நடை. அதற்குப் பிறகு அடைக்கலமேரிக்கு: அதே கேள்விகள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி.

இதுவரை ஒத்துப்போகிறது. மூன்று பேர் செய்ய வேண்டியதை நானே புதுக்கோட்டையில் உட்கார்ந்து நடத்துவதாக ஒரு மிதப்பு.

வயிறு சரியில்லை. மோர்.

மார்ச் 13, வெள்ளி

பிசியோதெரபி பையன் வருகிற நாள், நானும் போயிருந்தேன். தினம் இரண்டு வேளை நடக்கச் சொன்னான். நாலு கால் ஊன்றுகோல் பழகிவிட்டதாம். "இவ்வளவு சீக்கிரம் நான் எதிர்பாக்கல சார்." அக்கா அவனைத் திருத்தினாள்: "ஒனக்கு ஒடம்பு ஒத்துழைச்சது. எனக்கு நான் ஒத்துழைச்சேன்." அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியவில்லை. சொன்ன தோரணை நன்றாக இருந்தது.

வள்ளிக்கண்ணு தூக்குச் சட்டியில் நாட்டுக்கோழி சூப் கொண்டுவந்திருந்தாள், டீச்சருக்குத் தெம்பு வரட்டும் என்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அக்கா சட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

அடைக்கலமேரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா கோழியா? என்னடி இது."

"எங்க வீட்டுலயும் வெள்ளிக்கெழம கறி கெடையாதுக்கா. இவுக வேற சாமியாச்சே, இவுகளுக்கு உண்டுன்னுல்ல நெனச்சேன்."

அக்கா சிரித்தாள். வலப்பக்க உதடு கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. ஜனவரிக்குப் பிறகு சத்தமாகச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சூப் யாருக்கும் உதவவில்லை. எனக்கும் வெள்ளிக்கிழமைதானே.

சேலை கட்டிவிடுவதைப் பார்த்தேன். நைட்டி வேண்டாம் என்று அக்கா பிடிவாதம். உட்கார்ந்திருக்கும்போதே மடிப்பு வைத்துச் செருகிவிட்டு, நிற்க வைத்து ஒரு சுற்று. முந்தானை எப்போதும் இருந்த இடத்தில். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 16, திங்கள்

வெயில் தாங்க முடியவில்லை. ஆலங்குடி பக்கம் ஒரு கூட்டம், செய்தி அனுப்பி முடிக்கவே சாயந்தரம்.

வள்ளிக்கண்ணு போனில்: "காலையில நடந்தாக சார். இப்பவும் நடந்தாக. நல்லா இருக்காக."

அடைக்கலமேரி போனில்: "நடையா? நான் பாக்கலையே தம்பி. வாசக்கதவு சாத்தியே கெடக்கு. நேத்தும் அப்புடித்தான். முந்தாநாளும் வெளிய வந்த மாதிரி தெரியல."

இரண்டு வாய், இரண்டு பதில். அடைக்கலமேரி பொய் சொல்கிறவள் இல்லை. அமல் வர இன்னும் ஐந்து நாள். நடக்க முடியவில்லை என்று தெரிந்தால் திருச்சிதான். நாளை நேரில் போய்க் கேட்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வள்ளிக்கண்ணு பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நேற்று எத்தனை மணிக்கு நடந்தார்கள், எந்தப் பக்கம், யார் பார்த்தார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்கிற மாதிரி வரிசையாக.

துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "யாரு பாத்தான்னா கேக்குறீங்க?"

அடைக்கலமேரி பார்க்கவில்லையாமே என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது.

"தெனமும் அடைக்கலமேரி அக்காகிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா சார்? நான் சொன்னதையெல்லாமா?"

வாளியைத் தூக்கக் குனிந்தேன், அவளே தள்ளி வைத்துக்கொண்டாள்.

"கேமரா வச்சிருந்தாக்கூட நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். அது பாத்ததத்தான் சொல்லும்."

மீதித் துணியை அலசிக் காயப்போட்டாள். அக்கா எழுந்ததும் மாத்திரை கொடுத்து, இட்லியை உதிர்த்துக் கொடுத்து, முகம் துடைத்துவிட்டாள். எதிலும் அவசரம் இல்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு, "நாளையிலேருந்து வரல டீச்சர், ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எங்கே நடந்தார்கள் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

அக்காதான் சொன்னாள். அதுவரை வீட்டுக்குள் நடந்தவர்கள், சனிக்கிழமையிலிருந்து கொல்லையில். கிணற்றடியிலிருந்து முருங்கை மரம் வரை போய்த் திரும்புவதாம். வாசல் பக்கம் வேண்டாம் என்றது அக்கா. யாரிடமும் சொல்லாதே என்று வள்ளியிடம் வாக்கு வாங்கியதும் அக்கா.

"ஏன் அக்கா?"

"இந்தத் தெருவுல எத்தன பேர நேரா நில்லு, நேரா நடன்னு சொல்லியிருப்பேன். நான் கால இழுத்துக்கிட்டுப் போறத அவங்க நின்னு பாக்கணுமா?"

கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். மண்ணில் ஊன்றுகோலின் நாலு புள்ளித் தடம், போகவும் வரவும், ஒன்றின் மேல் ஒன்றாக. பக்கத்திலேயே அக்காவின் வலது கால் இழுத்த கோடு. முருங்கை மரத்துப் பக்கம் கோடு நீளம். கிணற்றடியில் பழைய கோட்டின் மேல் புதிதாக ஒன்று, சின்னதாக. இழுப்பு குறைந்து வருகிறது.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

மார்ச் 18, புதன்

ஸ்டெல்லா ஒரு நாள் லீவு போட்டு வந்தாள். குளிக்க வைப்பது அவள், மற்றதெல்லாம் நான். நடக்கக் கூப்பிட்டேன். இரண்டு எட்டு வைத்து அக்கா நின்றுவிட்டாள்.

"கைய விடு. நீ பிடிக்கிறது போலீஸ்காரன் பிடி."

அடைக்கலமேரிக்கும் வருத்தம். ராத்திரித் துணைக்கு வருகிறாள், என்னிடம் பேசுவதில்லை. மதியம் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்டெல்லாவிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள்: "தம்பி அக்கறையா கேக்குதேன்னு சொன்னேன். நான் உளவு சொன்னேன்னு ஊருல ஆயிப்போச்சு."

வள்ளிக்கண்ணு போனை எடுக்கவில்லை. அமல் வாட்ஸ்அப்பில் இல்லத்தின் படங்களை அனுப்பியிருக்கிறான். சுத்தமான கட்டில்கள். சன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடம்.

செருப்பு இன்னும் வாங்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

வள்ளிக்கண்ணு ஊருக்குப் போனேன். கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று, தப்பு என்னுடையது என்றேன். கூட வேலை செய்தவர்கள் குனிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோவம் ஒண்ணும் இல்ல சார். டீச்சர் மேல எனக்கு என்ன கோவம். ஆனா நான் செஞ்சத இன்னொரு ஆளு வந்து ஆமான்னு சொன்னாத்தான் செஞ்சதா ஆகும்னா, அந்த வேலை எனக்குச் சரிப்படாது."

"இனிமே கேக்க மாட்டேன்."

"கேக்காம இருக்க ஒங்களுக்கு வராது சார்" என்றாள். கேலி இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். கூட இருந்த ஒரு அம்மா மட்டும் சிரித்துவிட்டது.

வெறுங்கையோடு ஆவூர் திரும்பி அக்காவிடம் சொன்னேன். சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே தெரு. சைக்கிள், ஆடு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். பிறகு தன் போனைக் கேட்டாள். நான் எண்ணைப் போட்டுத் தரப் போனேன், விடவில்லை. இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அவளே அழுத்தினாள். அவள் எண் என்று தெரிந்ததும் வள்ளிக்கண்ணு உடனே எடுத்துவிட்டாள்.

"வள்ளி. நாளைக்கு வா. வாசப்பக்கமா நடப்போம். தெருவுல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "டீக்கடை வரைக்கும். எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் நீ நடக்க வச்சியான்னு எவனும் எவகிட்டயும் கேக்க வேண்டியது இல்ல."

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழவில்லை.

"ஆமா. கொல்லை போதும்னு சொன்னவதான். இப்ப நானே சொல்றேன், தெருவுல." போனைக் கொடுத்தாள். "காலை பஸ்ஸுக்கு வாராளாம்."

மார்ச் 20, வெள்ளி

எழுதி வைக்க வேண்டிய நாள்.

வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினார்கள். நீலக் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை, பின்னல், கையில் கைக்கடிகாரம். வாசல் கேட்டைத் தாண்டி நான் வரக் கூடாது என்று உத்தரவு. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊன்றுகோல், இடது கால், பிறகு வலது காலை இடுப்பிலிருந்து சுழற்றி. வள்ளிக்கண்ணு வலப்பக்கம் அரை அடி பின்னால். கையைப் பிடிக்கவில்லை. இடுப்பில் செருகிய சேலையில் இரண்டு விரல், அவ்வளவுதான். இவர்களுக்குப் பின்னால் அடைக்கலமேரி, யாரும் கேட்காமலேயே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தெருவில் ஒவ்வொரு வாசலாகத் தலை. "டீச்சர் வாராக" என்று ஒரு குரல். யாரோ டிவியை நிறுத்தினார்கள். பாதி வழியில் அக்கா நின்றாள். கால் நடுங்குவது கேட்டிலிருந்தே தெரிந்தது. அடைக்கலமேரி நாற்காலியைப் போட்டாள், வள்ளிக்கண்ணு திருப்பி உட்கார வைத்தாள்.

"நல்லா நேரா போடுக்கா."

"நேராத்தான்டி போட்டுருக்கேன். தரை கோணலு."

மூன்று நாளைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு.

டீக்கடையில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். கடைக்காரர், தலை நரைத்த ஆள், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"உக்காருங்கடா. பரீட்சையா நடக்குது?" என்றாள் அக்கா.

"ஒங்க முன்னாடி எப்பவும் பரீட்சதான் டீச்சர்."

டீ குடிக்கவில்லை. டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கேட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்தாள். "எழுதிக்கிட்டியா?"

பெருமையாக இருந்தது. முதல்பக்கத்தில் என் பெயர் வந்த நாளில்கூட இப்படி இருந்ததில்லை. அக்காவை நினைத்து, வள்ளிக்கண்ணுவை நினைத்து, நாற்காலி தூக்கிய அடைக்கலமேரியை நினைத்து. நான் செய்தது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்.

சாயந்தரம் வள்ளிக்கண்ணுவுக்குப் போன் செய்யவில்லை. கை போனது, செய்யவில்லை. அவளே கூப்பிட்டாள். "ரெண்டாவது நடையும் ஆச்சு சார். தெருவுல."

மார்ச் 21, சனி

அமல் விமான நிலையத்திலிருந்து நேராக. பெரிய பெட்டி, அக்காவுக்குக் காலுக்குப் பட்டை, கைக்குப் பந்து, மூன்று டப்பா பிஸ்கட். வந்ததிலிருந்து வீட்டை அளக்கிறான். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. படுக்கையைத் தூக்கிப் பார்த்தான். அக்காவின் முதுகில் புண் இருக்கிறதா என்று வள்ளிக்கண்ணுவிடம் கேட்டான்.

"டீச்சர்கிட்டயே கேளுங்க சார். முதுகு அவுகளோடது."

அக்கா: "இல்லடா."

அமல் உட்கார்ந்தான். திருச்சியைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தான். நல்ல டாக்டர், நல்ல சாப்பாடு, அவசரம் என்றால் ஆள். எல்லாம் நியாயமான பேச்சு. ஒன்று மட்டும் கடைசியாகச் சொன்னான், குரல் மாறி: "நீ கீழ கெடந்தன்னு அண்ணன் சொன்னப்ப நான் சிங்கப்பூர்ல ரயில்ல நின்னுக்கிட்டு இருந்தேன் அக்கா. என்னால எறங்கக்கூட முடியல."

அக்கா அவன் தலையில் இடது கையை வைத்தாள். பிறகு, "எந்திரி. நடக்குற நேரம்" என்றாள்.

தெருவில் அவள் முழங்கையை அவன் இறுகப் பிடித்துக்கொண்டான். வள்ளிக்கண்ணு, "கைய விடுங்க சார்" என்றாள். விடவில்லை. "விட்டாத்தான் நடப்பாக."

விட்டான். விட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்தபடியே டீக்கடை வரை போய்வந்தான். இன்று எனக்கும் கேட்டுக்கு வெளியே போக அனுமதி. நாற்காலி என் கையில் வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அமல் திருச்சிக்குப் போன் செய்துவிட்டான். "அந்த ரூம வேற யாருக்காச்சும் குடுத்துருங்க சிஸ்டர். இல்ல, அவங்க நல்லா இருக்காங்க. நல்லா இருக்காங்க, அதான்."

மார்ச் 22, ஞாயிறு

அமல் இருப்பதால் வள்ளிக்கண்ணுவுக்கு இன்று விடுமுறை. நேற்றே அமலுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். சேலையில் இரண்டு விரல் மட்டும். பாதத்தைச் செருப்புக்குள் எப்படி நுழைப்பது. பத்துப் பதினைந்து தரம் செய்யச் சொன்னாள். செய்தான்.

பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அக்காவும் அமலும் நடந்துவிட்டு வந்திருந்தார்கள். நாற்காலியோடு அடைக்கலமேரி. அமல் உற்சாகத்தில், "அக்கா, வேற என்ன வேணும் சொல்லு. ஏசி போடவா? புதுக் கட்டில் வாங்கவா?" என்று கேட்டான்.

அக்கா யோசித்தாள். "பாதித் தெருவுல, வேப்பமரத்துக்கிட்ட, உக்கார ஒரு கல்லு போடு. இவ எத்தன நாளைக்கு நாற்காலி தூக்குவா? உசரம் முட்டிக்கு மேல இருக்கணும். எனக்கு மட்டும் இல்ல, இந்தத் தெருவுல இன்னும் நாலு கெழடு இருக்கு. எல்லாம் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்குதுக."

"நாம போடலாமா அங்க? தெருவாச்சே."

"போடு. எவன் கேக்குறான்னு பாப்போம்."

கல் விசாரிக்க அமல் அடைக்கலமேரி மகனின் வண்டியை வாங்கிக்கொண்டு குவாரிப் பக்கம் போயிருக்கிறான். சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள் என்றேன், கேட்கவில்லை. அளவுக்கு அக்கா ஒரு கயிற்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், அவள் முட்டிக்கு மேல் வருகிற உயரத்துக்கு முடிச்சுப் போட்டு.